மாலை வகுப்பில் மரவேலையும் மெத்தை வேலையும்: ஆடும் கதிரை ஒன்றை நீங்களே முழுதாகச் செப்பனிடும் வரை

லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து ஆறு பழைய சாப்பாட்டுக் கதிரைகளை வாங்கினோம். இருக்கைத் துணி நைந்திருந்தது. ஒரு கடையில் கொடுத்துப் புதுத் துணி போட்டு எடுத்துவந்தேன். பார்க்க அழகாக இருந்தன. நான்கு மாதத்தில் அவற்றில் இரண்டு ஆடத் தொடங்கின. இருக்கையைக் கழற்றிப் பார்த்தால், புதுத் துணிக்கு அடியில் பழைய துணி அப்படியே இருந்தது. அதற்கும் அடியில் இருந்த சணல் நாடாக்கள் அறுந்து தொங்கின. பின்காலும் பக்கச் சட்டமும் சேருமிடத்தில் பசை தூளாக உதிர்ந்தது. மறுபடியும் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. அந்தச் செப்டெம்பரில் மரவேலை மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஓராண்டு கழித்து, இருக்கைகளுக்கு நிரப்பும் துணியும் போடக் கற்பிக்கும் மெத்தை வேலை வகுப்பிலும் சேர்ந்தேன்.

இந்த வழிகாட்டி பகலில் வேறு தொழில் பார்த்துக்கொண்டு, வாரம் ஒரு மாலையை மட்டும் ஒதுக்கக்கூடியவர்களுக்கானது. லண்டன் அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். பிரித்தானியாவின் மற்ற நகரங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதுதான்.

முதல் படி: வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

உழைக்கும் மக்கள் மாலையில் வந்து படிக்கும் வழக்கம் இந்த நாட்டில் பழையது. கேம்டனில் உள்ள வொர்க்கிங் மென்ஸ் கல்லூரி 1854இல் தொடங்கியது. மோர்லி கல்லூரி 1889இலும், சிட்டி லிட் 1919இலும் வந்தன. ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் பில்டிங் கிராஃப்ட்ஸ் கல்லூரியைத் தச்சர்களின் பழைய சங்கமான கார்ப்பென்டர்ஸ் கம்பனி 1893இல் நிறுவியது. இவை தவிர உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் வளர்ந்தோர் கல்வி நிலையங்களும் உண்டு. எந்தத் தவணையில் எங்கே என்ன வகுப்பு என்பது மாறிக்கொண்டே இருக்கும். கோடையிலேயே செப்டெம்பர்த் தவணைக்கான பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பட்டறை வகுப்புகளில் இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கக்கூடும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆளுக்கொரு வேலை மேசையும், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் உண்டா? மரமும் துணியும் கட்டணத்தில் அடங்குமா? பாதி செய்த பொருளை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா? கடைசிக் கேள்வியை எளிதாக நினைக்காதீர்கள். பசை காயாத ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரவு ஒன்பதரை மணிக்கு பஸ் ஏறுவது பெரிய வேதனை.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். தவணைக்குப் பத்து வாரம், மாலைக்கு இரண்டரை மணி நேரம் என்றால் மொத்தம் 25 மணி. எடுத்துவைக்கவும் கூட்டிப் பெருக்கவும் ஒவ்வொரு மாலையிலும் அரைமணி போய்விடும். மிஞ்சுவது 20 மணி நேரம். முழுநேரத் தச்சருக்கு அது அரைவார வேலை. ஆகவே முதல் தவணையிலேயே அலுமாரி செய்ய நினைக்காதீர்கள். ஒரு சிறிய முக்காலியோ மூடி வைத்த பெட்டியோ போதும்.

எதை முதலில் கற்பது? மரவேலையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மெத்தை வேலையில் பலன் கண்ணுக்கு விரைவில் தெரியும், நிறமும் துணியும் ஆசையைக் கிளப்பும் என்பதால் பலர் அங்கே தொடங்குகிறார்கள். ஆனால் இருக்கையைச் சுமப்பது சட்டம். மரச்சட்டத்தின் நிலையைப் பார்த்து அறியத் தெரியாதவர் தளர்ந்த மூட்டின்மேல் புதுத் துணியை இழுத்து அடிப்பார். என் கதிரைகளுக்கு நடந்ததும் அதுதான்.

இரண்டாம் படி: கருவி வாங்காமல் பொறுத்திருத்தல்

முதல் தவணை முழுவதும் கல்லூரிக் கருவிகளையே பயன்படுத்துங்கள். எந்தக் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு வாங்க வேண்டியவை சிலவே: 6, 12, 19 மில்லிமீட்டர் உளிகள் மூன்று, ஒரு மூலைமட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் ஒரு மார்க்கிங் கேஜ், குறிக்கும் கத்தி, நுண்ணிய பல் வைத்த ஒரு கைவாள், ஐந்தாம் எண் சீவுளி ஒன்று. சீவுளியைத் தமிழ்நாட்டில் இழைப்புளி என்பார்கள். மக்கள் பழைய பொருள்களைக் காரில் கொண்டுவந்து விற்கும், ஞாயிறு காலைகளில் நடக்கும் கார் பூட் சந்தைகளில், ஷெஃபீல்டில் செய்த பழைய ரெக்கார்ட், மார்ப்பிள்ஸ் கருவிகள் துருப்பிடித்த நிலையில் மலிவாகக் கிடைக்கும். மேல்துரு போய்விடும். அலகில் குழி விழுந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: கூர்

எனக்குக் கற்பித்தவர் முதல் இரண்டு மாலைகளிலும் எங்களை மரத்தில் கைவைக்க விடவில்லை. உளி தீட்டவே வைத்தார். அப்போது பொறுமை இழந்தவர்கள் உண்டு. இப்போது நினைத்துப் பார்த்தால், நான் கற்றவற்றில் பாதி அந்த இரண்டு மாலைகளில் அடங்கியிருக்கிறது. மழுங்கிய உளிக்குப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். பலம் கொடுத்தால் கை நழுவும். பட்டறையில் நான் கண்ட வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை மழுங்கிய உளியால் வந்தவை.

முதலில் உளியின் முதுகைத் தட்டைக் கல்லில் தேய்த்து, நுனியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ணாடிபோல ஆக்குங்கள். இதை ஓர் உளிக்கு ஒருமுறை செய்தால் போதும். அடுத்தது சரிவு. சாணையில் பிடிக்கும் சரிவு 25 பாகை. கல்லில் தீட்டும்போது கைப்பிடியைச் சற்றே உயர்த்தி 30 பாகையில் பிடித்தால், நுனியில் ஒரு மெல்லிய இரண்டாம் சரிவு விழும். கூர் அந்த மயிரிழை அகலத்தில்தான் இருக்கிறது. கோணம் கையில் நிற்கும்வரை உருளை வைத்த தீட்டுச்சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தீட்டுக்கல்லின் எண் கூடக்கூட அதன் மணி நுண்ணியதாகும். 1000 எண் கல்லில் தீட்டும்போது முதுகுப் பக்கத்தில் விரலை வைத்து வெளிநோக்கித் தடவினால் ஒரு நுண்ணிய பிசிறு தட்டுப்படும். அலகின் முழு அகலத்துக்கும் அந்தப் பிசிறு வந்தபின்தான் 6000 எண் கல்லுக்குப் போக வேண்டும். பிறகு முதுகைக் கல்லில் படுக்கவைத்து ஓர் இழுப்பு, தோல்பட்டையில் பத்து இழுப்பு.

சோதிக்கக் கைமுடியை மழிக்க வேண்டாம். பைன் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தில் உளியைத் தள்ளிப் பாருங்கள். மழுங்கிய உளி அங்கே நசுக்கும், வெண்மையாகப் பொடியும். தீட்டிய உளி மெழுகில் போவதுபோலப் போய், பளபளப்பான முகத்தை விட்டுச்செல்லும்.

நான்காம் படி: குறித்தல், அறுத்தல், முதல் மூட்டு

பலகையைக் கையில் எடுத்ததும் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். இழைகள் ஒரு திசையில் ஏறிச்செல்வது தெரியும். ஏறும் திசையில் சீவினால் சுருள் முழுதாக வரும். எதிர்த்திசையில் சீவினால், பூனையை வாலிலிருந்து தலைநோக்கித் தடவியதுபோல, இழை நிமிர்ந்து பிய்ந்துவிடும். ஒலியும் சொல்லும். சரியான திசையில் சீவுளி சீறும், தவறான திசையில் கரகரக்கும்.

மிகத் தட்டையான முகம் ஒன்றையும், அதற்குச் செங்குத்தான ஒரு விளிம்பையும் தேர்ந்து சீவி, பென்சிலால் அடையாளமிடுங்கள். இனி எல்லா அளவையும் இந்த இரண்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஒருமுறை வலப்புறமிருந்தும் மறுமுறை இடப்புறமிருந்தும் அளந்தால், அரை மில்லிமீட்டர்ப் பிழைகள் கூடிக்கூடி நான்காவது மூட்டில் வந்து நிற்கும். வெட்ட வேண்டிய கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கீறலுக்கு இல்லை. அதோடு, உளியின் நுனி அந்தக் கீறலில் தானாகப் போய் அமரும்.

கதிரைக்கும் மேசைக்கும் அடிப்படையான மூட்டு துளையும் கழுந்தும். ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல வெட்டி, இன்னொன்றில் தோண்டிய நீள்சதுரத் துளையில் செருகுவது இது. கழுந்தின் தடிப்பு மரத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவிதி. கையிலிருக்கும் உளியின் அகலத்துக்கு அதைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். துளையை முதலில் தோண்டுங்கள். துளையின் அகலத்தை உளி தீர்மானித்துவிடுகிறது, பிறகு மாற்ற முடியாது. கழுந்தையோ துளைக்கேற்பக் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவிக்கொள்ளலாம். அறுக்கும்போது வாள் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். வாளை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அமுக்காதீர்கள். சுட்டுவிரலை வாள் போகும் திசையில் நீட்டி வைத்துக்கொண்டால் கை நேராகப் போகும்.

கையால் அழுத்தும்போது இறுக்கமாக உள்ளே போய், தூக்கினால் தானாகக் கழராத மூட்டே நல்ல மூட்டு. சுத்தியலால் அடித்துத்தான் ஏறும் என்றால் துளை பிளக்கும். தானாக விழுந்தால் பசை அதைக் காப்பாற்றாது. என் முதல் நான்கு மூட்டுகளில் மூன்றை மறுபடி வெட்டினேன். ஆசிரியர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டி, வாள் எந்த இடத்தில் சாய்ந்தது என்று சொன்னார். காணொளி பார்த்துக் கற்பவருக்குக் கிடைக்காதது இதுதான்: உங்கள் தோளும் கால்களும் நிற்கும் விதத்தைப் பார்த்து, “வலது காலைப் பின்னே வையுங்கள்” என்று சொல்ல ஓர் ஆள்.

பசை போடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களையும் மாட்டிப் பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒரு குச்சியால் ஒப்பிடுங்கள். இரண்டும் சமமென்றால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. பிவிஏ எனும் வெள்ளை மரப்பசைக்கு அரைமணி நேரப் பிடிப்பு போதும், ஆனால் ஒரு முழுநாள் கழியாமல் அதன்மேல் பாரம் ஏற்றக்கூடாது.

ஊரிலிருந்து வந்த மரப்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த தேக்குப் பெட்டி லண்டனில் ஒரு குளிர்காலம் கழிந்ததும் பிளந்துவிட்டது என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரம் கெட்டது என்று யாரும் வருந்த வேண்டாம். ஈரக்காற்றில் வாழ்ந்த பலகை, வெப்பமூட்டிய அறையில் ஈரத்தை இழந்து, இழைக்குக் குறுக்கே சுருங்குகிறது. நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மத்திய வெப்பமூட்டல் உள்ள வீடுகளில் மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதத்தில் வந்து நிற்கும். அகலமான மேசைப்பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதைப் பசையாலோ திருகாணியாலோ இறுகக் கட்டினால் எங்காவது பிளந்தே தீரும். ஆகவே மேசைப்பலகையைச் சட்டத்தோடு சேர்க்க, நீள்துளையில் நகரக்கூடிய திருகாணியையோ, சட்டத்தின் பள்ளத்தில் வழுக்கும் சிறு மரக்கட்டைகளையோ பயன்படுத்த வேண்டும். ஊர் ஓடாவியார் செய்த அலுமாரிக் கதவுகளில் நடுப்பலகை பசையில்லாமல் பள்ளத்தில் வெறுமனே நிற்பதற்கும் காரணம் இதுவே. வாங்கிய மரத்தை இரண்டு வாரமாவது வீட்டுக்குள் வைத்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

தூசியும் எண்ணெய்த் துணியும்

வன்மரத் தூசி புற்றுநோய் தரக்கூடியது என்று உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 2020 முதல் வேலையிடக் காற்றில் வன்மரத் தூசியின் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 3 மில்லிகிராம். உப்புத்தாள் தேய்க்கும்போது எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் அணியுங்கள். முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் அதனால் பயன். இயந்திரத்தருகே துப்பட்டா, தொங்கும் சங்கிலி, மோதிரம், கையுறை எதுவும் கூடாது. ஆளி விதை எண்ணெய் அல்லது டேனிஷ் எண்ணெய் பூசிய துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துப்போட்டு வெளியில் உலர விடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகரத்தில் வையுங்கள்.

ஐந்தாம் படி: பழைய கதிரையின் சட்டம்

மரவேலையில் இரண்டு தவணை முடிந்தபின், ஆடும் கதிரை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோகக் கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் மகிழ்ந்து அனுமதிப்பார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் இரு பக்கமும் ஒரே எண்ணை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டு, தளர்ந்த மூட்டுகளை மட்டும் பிரியுங்கள். இறுக்கமாக நிற்கும் மூட்டை வம்புக்குப் பிரிக்கக்கூடாது. பழைய கதிரைகளில் பெரும்பாலும் விலங்குத் தோலில் காய்ச்சிய பசை இருக்கும். வெந்நீரிலும் ஆவியிலும் அது இளகும். எச்சத்தை வெந்நீரில் கழுவி, உலரவிட்டு, அதே வகைப் பசையால் மறுபடி ஒட்டுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து இன்னொருவர் இதைப் பிரிக்க வேண்டியிருந்தால் அவருக்கும் அது இளகிக்கொடுக்கும். பிவிஏ அப்படி இளகாது. திருகாணியோ இரும்புக் கோணமோ அடித்து இறுக்காதீர்கள். ஆட்டத்தில் அது மரத்தைக் கிழித்துவிடும்.

ஆறாம் படி: மெத்தை வேலை

சட்டத்தின்மேலேயே நிரப்பி எழுப்பிய இருக்கையை விட்டுவிட்டு, சட்டத்துக்குள் இறங்கி அமரும் இருக்கையோடு தொடங்குங்கள். கழற்றி எடுக்கக்கூடிய ஒரு மரச்சட்டம், அதன்மேல் நிரப்பு, துணி, அவ்வளவே.

பிரிப்பதுதான் முதல் பாடம். ஒவ்வோர் அடுக்கையும் கழற்றும்போது படம் எடுத்து வையுங்கள். ஆணி கழற்றும் உளியை இழை ஓடும் திசையில் வைத்தே தட்ட வேண்டும், குறுக்கே தட்டினால் சட்டம் பிளக்கும். பழைய ஆணித்துளைகளில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடுங்கள்.

பிறகு சணல் நாடா. முன்பின்னாக மூன்று, குறுக்காக இரண்டோ மூன்றோ, பாய் பின்னுவதுபோல மேலும் கீழுமாக. ஒரு முனையை ஆணியடித்து மடித்து மறுபடி அடித்தபின், இழுக்கும் பலகையால் நாடாவை நெம்பி இழுத்து மறுமுனையை அடிக்க வேண்டும். விரலால் சுண்டினால் மேளம்போல ஒலிக்க வேண்டும். ஒலிக்காத நாடா ஓராண்டில் தொங்கிவிடும். அதன்மேல் சாக்குத்துணி. சாக்குத்துணியில் வளைந்த ஊசியால் தளர்வான நூல் வளையங்களைத் தைத்து, அவற்றின் அடியில் நிரப்பைக் கைப்பிடி கைப்பிடியாகச் செருகுவார்கள்.

ஆசிரியர் நிரப்பு மூட்டையைத் திறந்தபோது எனக்கு ஊர் மணம் வந்தது. தென்னந்தும்பு! குதிரைமுடிக்கு அடுத்தபடியாக இங்கே மரபான மெத்தை வேலையில் முதல் நிரப்பாக அதையே பயன்படுத்துகிறார்கள். தும்பைக் கைநிறைய எடுத்து, சிக்கலைப் பிரித்துப் பிரித்து, காற்றோட்டமாக நிரப்ப வேண்டும். வேகமாக அமுக்கினால் கட்டி விழும், உட்கார்ந்தால் உறுத்தும். நடுவில் சற்று உயர்ந்தும் விளிம்பை நோக்கித் தாழ்ந்தும் இருக்கட்டும், விளிம்பைத் தாண்டி வழியக்கூடாது.

அதன்மேல் காலிகோ எனும் வெளுக்காத பருத்தித் துணி. ஆங்கிலேயர் காலிகட் என்று அழைத்த கோழிக்கோட்டிலிருந்து போனதால் அந்தப் பெயர். நான்கு பக்க நடுவிலும் ஆணியை அரைவாசி மட்டும் அடித்து நிறுத்தி, நடுவிலிருந்து மூலைநோக்கி இழுத்துச் செல்லுங்கள். வடிவம் காலிகோவிலேயே முடிந்துவிட வேண்டும். மேல்துணியை இழுத்து வடிவத்தைச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் அது சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். காலிகோமேல் ஒரு பஞ்சுப் படலம், அதன்மேல் உங்களுக்குப் பிடித்த துணி. கோலம் நடுவில் வருகிறதா, வெல்வெட் என்றால் அதன் மயிர் முன்பக்கம் நோக்கிப் படிகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் என் கதிரைகள் ஆடியதன் முழுக்காரணம் எனக்கு விளங்கியது. இறங்கி அமரும் இருக்கைக்கும் கதிரைச் சட்டத்துக்கும் இடையே சுற்றிலும் துணி மடிந்து இறங்கும் அளவுக்கு, ஏறத்தாழ இரண்டு மூன்று மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். பழைய துணிமேல் புதுத் துணியை அடித்ததால் இருக்கை பருத்துவிட்டது. அதை உள்ளே அமுக்கித் திணித்தபோது அது ஆப்புப்போல நான்கு சட்டங்களையும் வெளியே தள்ளி, ஏற்கெனவே வலுவிழந்திருந்த மூட்டுகளைத் திறந்துவிட்டது. ஆகவே துணியைத் தேர்ந்ததும் அதன் ஒரு மடிப்பை விளிம்பில் வைத்து இருக்கையை இறக்கிப் பாருங்கள். இறுகினால் இருக்கைச் சட்டத்தின் விளிம்பைச் சீவுளியால் சீவுங்கள். மெத்தை வகுப்பில் பத்துப் பேரில் என்னிடம்தான் சீவுளி இருந்தது. அந்தத் தவணையில் மற்றவர்களின் சட்டங்களையும் நானே சீவிக்கொடுத்தேன்.

இன்றைய ஃபோம் இருக்கைகளைச் செய்ய விரும்புவோர் 1988ஆம் ஆண்டின் தளபாடத் தீப்பாதுகாப்பு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தளபாடங்களின் ஃபோமும் துணியும் தீத்தடுப்புச் சோதனையில் தேறியவையாக இருக்க வேண்டும். 1950க்கு முன் செய்த தளபாடங்களுக்கும் அவற்றைப் புதுப்பிக்கும் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. உறவினருக்கோ காசுக்கோ செய்துகொடுக்குமுன் கதிரையின் வயதை ஆசிரியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். பழைய சோபாவின் ஃபோமை எடுத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இதையே தொழிலாக எடுக்க விரும்பினால் மரவேலைக்கு, தொழிற்சான்றிதழ் வழங்கும் நிறுவனமான சிட்டி அண்ட் கில்ட்ஸின் தகுதிகளும், மெத்தை வேலைக்கு அந்தத் தொழிலோரின் சங்கமான ஏ.எம்.யூ.எஸ்.எஃப். மூன்று நிலைகளில் தரும் தகுதிகளும் இருக்கின்றன. வாரம் ஒரு மாலை அவற்றுக்குப் போதாது.

கடைசி அடுக்கு, இருக்கையின் அடிப்பக்கத்தை மூடும் கறுப்புத் துணி. அதை அடிக்குமுன் ஒரு பென்சிலை எடுத்து, சட்டத்தின் உட்பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும், என்ன நிரப்பினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பழைய கதிரைகளைப் பிரிப்பவர்கள் இப்படி எழுதியதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். எங்கள் ஆறு கதிரைகளில் ஒன்றின் உள்ளேயும் மங்கலான பென்சில் கையெழுத்து ஒன்று இருந்தது, பெயர் படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே நான் தமிழில் எழுதியிருக்கிறேன்: தென்னந்தும்பு, காலிகோ, நீலத் துணி.